தலைக்கணக்கு

ஜூன் 4

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

கல்லூரி விடுதியில் நீ பெயர் வைத்த அதே வாத்து எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் கட்சி மாறிவிட்டது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் எதிர்ப்புக் குரல் கொடுக்கிறது. உன் வீட்டுக்காரருக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் மகள் இன்னும் உன்னைவிட வளர்ந்துகொண்டேதான் இருக்கிறாளா?

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் பேசினால், நான் வாயைத் திறந்த இரண்டாவது நிமிடம் "இருடி, டைரக்டர் கூப்பிடறார்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விளையாட்டு வாரியத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. கீழே கையெழுத்து உன்னுடையது. கல்லூரி விடுதியில் என் நோட்டைக் காப்பியடித்தபோது இருந்த அதே கோழிக்கிறுக்கல், அதனால் சந்தேகமே இல்லை. எங்கள் நகராட்சி மைதானத்தில் மாலையில் பெண்களுக்குக் கைப்பந்து நடத்துகிறேன் அல்லவா, அங்கே வருகிற ஒவ்வொருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவாகவேண்டுமாம். தினமும் வருகை குறிக்கவேண்டுமாம். நாற்பது பேருக்குக் குறைந்தால் மைதானம் "வேறு பொதுத் தேவைக்கு" ஒதுக்கப்படுமாம்.

அந்த வேறு பொதுத் தேவை என்ன என்பது எங்கள் வார்டு உறுப்பினருக்கு இப்போதே தெரியும். போன வாரம் ஆள் வைத்து, நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே, அளவு நாடாவைக் கோர்ட்டின் குறுக்கே போட்டு அளந்தார். "சந்தைக்கு வர்ற வண்டியெல்லாம் எங்கம்மா நிறுத்தறது?" என்று என்னையே கேட்கிறார்.

இப்போது எங்களிடம் இருப்பது இருபத்தைந்து பேர், மழை இல்லாத நாளில். அதை நாற்பதாக்கலாம். எனக்கு அந்தப் பயம் இல்லை. பயம் பெயரைப் பற்றி. வருகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் சொல்லிவிட்டு வருவதில்லை. வங்கியில் வேலை செய்யும் பெண் 'ஓவர்டைம்' என்று சொல்கிறாள். இன்னொருத்தி பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லி ஒரு வருடம் ஓட்டிவிட்டாள். அவள் வாயில் எத்தனை பல்தான் இருக்கிறது என்று அவள் மாமியார் யோசிக்கவில்லை போலிருக்கிறது.

பஸ் பணிமனைக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடை தைக்கிற ஒருத்தி வருகிறாள். நாங்கள் தையல்காரி என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில், தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பையில் இரண்டு சட்டையைப் போட்டுக்கொண்டு வருவாள். முப்பத்திரண்டு வயதில்தான் முதன்முதலில் பந்தைத் தொட்டவள். வலைக்கு மேலே எழும்பி அவள் அடிக்கிற அடி இருக்கிறதே, நீயும் நானும் பல்கலைக்கழக அணியில் ஆடியபோதுகூட அப்படி அடித்ததில்லை. அவளிடம் பெயர் எழுதவேண்டும் என்றேன். "பேரா? ஐயோ டீச்சர், பேர் எழுதிட்டா அது நான்னு ஆயிடுமே" என்றாள்.

பெயர் இல்லாமல் தலையை மட்டும் எண்ணிக்கொள்ள வழி உண்டா? பார்த்துச் சொல்.

உன்
வாத்து


ஜூன் 12

என் அன்பு வாத்துக்கு,

கடிதம் கண்டேன். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு சும்மா இருக்காதே, எக்ஸ்ரே எடு. இங்கே இவருக்கு முதுகு தேவலை. மகள் என்னைத் தாண்டிவிட்டாள். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அவள் ஆடும் ஒரே ஆட்டம் கட்டைவிரலால் போனில் ஆடுவது. ஊருக்கெல்லாம் விளையாட்டை வளர்க்கும் அதிகாரி வீட்டு நிலவரம் இது. வெளியே சொல்லாதே.

நீ கேட்டதற்கு: முடியாது. கோபப்படாமல் மேலே படி.

போன வருடம் பெயர் கேட்காமல் எண்ணிக்கை மட்டும்தான் கேட்டோம். வந்த கணக்கைப் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். ஓர் ஊரில் குடியிருப்பவர்களைவிட நீச்சல் அடிப்பவர்கள் அதிகம். போய்ப் பார்த்தால் அங்கே குளமே கிடையாது. இன்னொரு இடத்தில் ஒரே பையன் கால்பந்து, ஓட்டம், கபடி, சதுரங்கம் என்று நாலு தலையாக எண்ணப்பட்டிருந்தான். எல்லோரும் "வளர்ச்சி, வளர்ச்சி" என்று எழுதியதில் நிஜமாக ஆள் வருகிற இடம் எது, வராத இடம் எது என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. நல்ல மைதானங்கள் இரண்டு அந்தக் குழப்பத்தில் கைவிட்டுப் போயின. உன் வார்டு உறுப்பினர் மாதிரி ஆட்களுக்குப் பொய்க்கணக்கைப் போல வசதியான ஆயுதம் வேறு இல்லை. "பாருங்க, இதெல்லாம் சும்மா எழுதினது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பெயரும் எண்ணும் இருந்தால் யாரும் அசைக்க முடியாது.

உன் பெண்களிடம் சொல். அந்தப் பெயர்கள் என் மேஜையைத் தாண்டாது. இது வாரியத்தின் வார்த்தை இல்லை, என் வார்த்தை.

உன்
ஒட்டகம்


ஜூலை 22

அன்புள்ள ஒட்டகமே,

உட்கார்ந்துகொண்டு படி. நாற்பத்துமூன்று!

எப்படி என்று கேள். முதலில் சுவரொட்டி அடித்து ஒட்டினோம். "ஆரோக்கியமே செல்வம்" என்று பெரிய எழுத்தில். மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவர் சுவர் தன்னுடையது என்று சண்டை போட வந்தவர். அப்புறம் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, எங்கள் பழைய ஆள், சொன்னாள்: "டீச்சர், வான்னு சொல்றதை விடுங்க. ஏன் வரலைன்னு கேளுங்க." வீடு வீடாகப் போய்க் கேட்டேன். நான் நினைத்த காரணம் ஒன்றுகூட இல்லை. வெட்கம் என்பார்கள், நேரமில்லை என்பார்கள் என்று நினைத்தேன். முக்கால்வாசிப்பேர் சொன்னது மைதானத்துக் கழிப்பறையை! அது இரண்டு வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. எனக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருப்பதால் உறைக்கவே இல்லை. காவலாளியைப் பிடித்து, நகராட்சிக்கு நடையாய் நடந்து, பூட்டைத் திறந்து, தண்ணீர் விட வைத்தேன். அந்த வாரம் பதினோரு பேர் புதிதாக வந்தார்கள். உன் அளவீட்டில் கழிப்பறைக்கு ஒரு கட்டம் உண்டா? இல்லையென்றால் போடு.

அடுத்தது குழந்தைகள். பேக்கரிக்கார அம்மாவுக்குக் கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. ஆட முடியாது. ஆனால் தினமும் வந்து, கோர்ட் ஓரத்தில் பாய் விரித்து, ஆறேழு குழந்தைகளை மேய்க்கிறாள். அதனால் அந்தத் தாய்மார்கள் ஆடுகிறார்கள்.

தையல்காரியும் எழுதினாள். உன் வார்த்தையை அப்படியே சொன்னேன். "உங்க ஃபிரண்டா டீச்சர்? அவங்க சொன்னா சரி" என்று பேனாவை வாங்கினாள். அவள் வீட்டில் ஒரே ஒரு போன், அது அவள் கணவனிடம். பணிமனையில் பஸ் மெக்கானிக். அந்த எண்ணைத்தான் கொடுத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள். முன் ஏர் போன வழியே பின் ஏர் என்பார்களே, அதே.

நேற்று நாலு அணியாகப் பிரிந்து ஆடினோம். வார்டு உறுப்பினர் வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மகிழ்ச்சியுடன்,
வாத்து


ஜூலை 30

என் அன்பு வாத்துக்கு,

இரண்டு வரிதான் எழுத நேரம். உன் கடிதத்தைப் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கழிப்பறைக்குக் கட்டம் போட்டாயிற்று! டைரக்டரே சிரித்துவிட்டார்.

இன்னொரு சந்தோஷம். நான் சொன்ன ஒரு யோசனையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாராவது தட்டிக்கொடுத்தால்தானே மனிதர்களுக்கு இன்னும் நாலு நாள் வரத் தோன்றும்? ஒன்றாம் தேதியிலிருந்து, பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் வாரியத்தின் பெயரில் ஒரு வாழ்த்துச் செய்தி போகும். இத்தனை நாள் ஆடினீர்கள், தொடர்ந்து வாருங்கள் என்று. உன் நாற்பத்துமூன்று பேரும் போனைப் பார்த்துச் சிரிக்கப்போவதை நினைத்துக்கொள்கிறேன்.

உன்
ஒட்டகம்


ஆகஸ்ட் 9

பங்கேற்பு அளவீட்டுப் பிரிவு அதிகாரி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. உங்கள் வாழ்த்து ஒன்றாம் தேதியே வந்துவிட்டது.

பணிமனையில் மதிய இடைவேளை. மெக்கானிக் கையைக் கழுவப் போயிருந்தபோது மேஜை மேலிருந்த போன் அடித்திருக்கிறது. பக்கத்திலிருந்தவன் எடுத்து உரக்கப் படித்திருக்கிறான். "வாழ்த்துகள்! நீங்கள் சென்ற மாதம் எட்டு முறை பெண்கள் கைப்பந்தில் பங்கேற்றுள்ளீர்கள்." பணிமனை முழுக்கச் சிரிப்பு. "என்னண்ணே, சொல்லவே இல்ல? எந்த டீம்?" என்று அன்று சாயங்காலம் வரை விடவில்லை.

அவர் வீட்டுக்குப் போய் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் எதிரே போனை வைத்தார். "எட்டுத் தடவை துணி குடுக்கப் போறேன்னு சொல்லியிருக்கே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவள் தன் தங்கையை அனுப்பி என்னிடம் சொல்லச் சொன்னது: "இனிமே என்னை எதிர்பார்க்காதீங்க." தங்கை போகும்போது திரும்பி நின்று, "உங்க ஃபிரண்டு சொன்னாங்கன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றாள்.

வங்கிக்காரியும் வருவதில்லை. பல் டாக்டர் பெண்ணும் வருவதில்லை. இதுவரை ஒன்பது பேர்.

பெயர்கள் உங்கள் மேஜையைத் தாண்டாது என்று எழுதியிருந்தீர்கள். மேஜையைத் தாண்டி நேராகச் சமையலறைக்கே போய்விட்டன.

இப்படிக்கு,
விளையாட்டு ஆசிரியை


ஆகஸ்ட் 17

அன்புள்ள வாத்துக்கு,

'அதிகாரி அவர்களுக்கு' என்று நீ எழுதியதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். செய்தி போன பிறகு மற்ற ஊர்களில் வருகை கூடியிருக்கிறது. கூடியது நிஜம். ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போகும்போது ஒரு சில வீடுகளில் சங்கடம் வருவதைத் தவிர்க்க முடியாது. எண்ணை வாங்கும்போது யாருடைய எண் என்று நீயும் ஒருமுறை யோசித்திருக்கலாம். எழுதவும் செய்தாய், கணவனுடைய போன் என்று. நானும் படித்தேன். எனக்கும் தோன்றவில்லை.

எழுது.

ஒட்டகம்


செப்டம்பர் 5

அன்புள்ள வாத்துக்கு,

நீ எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று தெரிந்தும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன கடிதத்தில் 'ஒரு சில வீடுகள்' என்று எழுதினேன். எதை வைத்து எழுதினேன் என்று எனக்கே உறுத்தியது. யாராவது பதில் அனுப்பினால் அது எங்கே போகும் என்று கணினிப் பிரிவுப் பையனிடம் கேட்டேன். "அதெல்லாம் ஒரு பெட்டியில விழும் மேடம். யாரும் பார்க்கறதில்லை" என்றான். திறக்கச் சொன்னேன். நாலு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து படித்தேன்.

நன்றி சொன்னவர்களும் உண்டு. ஓய்வுபெற்ற ஒரு தாத்தா, நடைப்போட்டிக்கு வருபவர், "எழுபது வயதில் எனக்கு வந்த முதல் பாராட்டு" என்று எழுதியிருந்தார். படித்து மகிழ்ந்தேன். ஆனால் அதற்கு மேலும் கீழும்: "தயவுசெய்து இந்த எண்ணுக்கு அனுப்பாதீர்கள், இது என் அண்ணனுடையது." "யார் இது? எந்த மைதானம்?" "என் மகள் டியூஷன் போகிறாள் என்று நினைத்தேன், தகவலுக்கு நன்றி." அந்த நன்றியைப் படித்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். ஒரு சில வீடுகள் இல்லையடி. நூற்றுக்கணக்கில்.

உன் மெக்கானிக்கும் பதில் அனுப்பியிருக்கிறார். அப்படியே எழுதுகிறேன்: "இது என் நம்பர். ஆடுவது என் மனைவி. அவள் இப்போது வருவதில்லை. எட்டு என்று போட்டதை அடித்துவிடவும். அவள் நன்றாக ஆடுவாளா?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. நீ சொல்லலாம்.

செய்தியை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். டைரக்டருக்கு மனமே இல்லை. அமைச்சர் மேடையில் அதைப் பற்றிப் பேசிவிட்டாராம். நிறுத்தாவிட்டால் இந்தப் பதில்களை எல்லாம் அச்சடித்து அவர் மேஜையில் வைப்பேன் என்றேன். நிறுத்திவிட்டார். இனி இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் மைதானத்துக்குப் போய்த் தலையை எண்ணுவார்கள். ஜூனில் நீ கேட்டது அதுதான்.

ஒட்டகம்


செப்டம்பர் 19

ஒட்டகத்துக்கு,

பணிமனைக்குப் போனேன். அந்தக் கேள்விக்காகத்தான் போனேன், உனக்காக இல்லை.

ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். ஒல்லியான மனிதர். நான் யார் என்று சொன்னதும் கையிலிருந்த கரியைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். முதலில் அவருக்குப் பதில் சொன்னேன். "உங்க மனைவி மாதிரி அடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை."

தலையை ஆட்டினார். அப்புறம், "நான் குடிக்கிறவன் இல்ல, கை நீட்டறவன் இல்ல. எங்கிட்ட எதுக்கு டீச்சர் மறைக்கணும்? அங்க எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது" என்றார்.

"கேட்டிருந்தா போன்னு சொல்லியிருப்பீங்களா?" என்றேன்.

"மாட்டேன்தான்" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. பொய் சொல்லத் தெரியாதவர். "ஆனா இப்ப போகட்டும். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

நல்ல சேதி கொண்டுபோகிறேன் என்ற நினைப்போடு நேராகத் தையல்காரியிடம் போனேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். காலர் ஒன்றைத் தைத்து முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். "அவர் போகச் சொன்னாரா? சரி, நாளைக்கு வேணாம்னு சொன்னா நின்னுடணுமா?"

கத்தரியை எடுத்து நூலை வெட்டினாள்.

"பொய் சொல்லிட்டுதான் வந்தேன், தப்புதான். ஆனா அந்த ஒன்றரை மணி நேரம் என்னுது டீச்சர். இப்ப வந்தா அவர் குடுத்ததாயிடும்" என்றாள். அடுத்த காலரை எடுத்தாள்.

நல்லது செய்யப்போய் வாயடைத்துத் திரும்பியது எனக்கு இதுதான் முதல் தடவை. உனக்கு அது அந்த வாழ்த்துச் செய்தியிலேயே நடந்துவிட்டது.

எண்ணுகிறவர்கள் வரட்டும். நான் யாரையும் அன்றைக்கு மட்டும் வாடகைக்குப் பிடித்து நிறுத்தமாட்டேன்.

வாத்து


அக்டோபர் 10

அன்புள்ள வாத்துக்கு,

இதை நான் சொல்லி நீ தெரிந்துகொள்வதே நல்லது. செவ்வாய்க்கிழமை உன் மைதானத்துக்கு வந்திருந்தேன்.

எண்ணப் போகிறவர்களின் பட்டியலில் உன் ஊர் என் பெயரில் இருந்தது. வேறு யாரையாவது அனுப்பு என்று கேட்டிருக்கலாம், கேட்கவும் செய்தேன், ஆளில்லை என்றார்கள். இளநிலை அலுவலர் ஒருவரோடு வந்தேன். எதிரே மருந்துக்கடை வாசலில் நின்று, இருவரும் தனித்தனியாக எண்ணி, ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதினோம். மைதானத்து ஆட்களோடு பேசக்கூடாது என்பது விதி. அதை எழுதியவளே நான்தான், சாலையைக் கடந்து எப்படி வருவேன்?

இரண்டு தாளிலும் முப்பத்துநான்கு.

நர்ஸ் கடைசிப் பத்து நிமிடம்தான் ஆடினாள், சேர்த்துக்கொண்டேன். பாயில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைச் சேர்க்க முடியவில்லை. ஆடுகிறவர்கள் மட்டும்தான் கணக்கு. அவள் இல்லாவிட்டால் ஆறு பேர் ஆடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுத இடமில்லை.

நாற்பது என்று எழுதக் கை போகாமல் இல்லை. உடன் வந்தவர் நல்ல பையன், நான் சொன்னால் கேட்டிருப்பார். எழுதவில்லை.

நீ பந்தைத் தூக்கிக் கொடுக்கும்போது இப்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறாய்.

ஒட்டகம்


அக்டோபர் 15

ஒட்டகத்துக்கு,

முப்பத்துநான்கு சரி. அன்று நானும் எண்ணினேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் நின்றாய் என்பதைப் படித்ததிலிருந்து அந்த மருந்துக்கடையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. முழங்காலுக்கு மாத்திரை வாங்க இரண்டு தெரு சுற்றிப் போகிறேன். பதினாறு வருடமாக நீ வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். வந்தாய்.

நீ செய்தது நியாயம். நியாயத்தோடு எனக்கு இப்போது பேச்சில்லை.

வாத்து


நவம்பர் 24

அன்புள்ள வாத்துக்கு,

பேசாவிட்டாலும் படிப்பாய் என்ற நம்பிக்கையில்.

முடிவு வந்துவிட்டது. வார்டு உறுப்பினருக்கு முன்னால் உனக்குத் தெரியட்டும். மைதானம் இப்போதைக்குப் போகாது. ஒரு வருடம் அவகாசம்.

எண்ணிக்கையோடு ஒரு குறிப்பும் இணைத்திருந்தேன். நாற்பத்துமூன்று முப்பத்துநான்கானதற்கு மைதானம் காரணம் அல்ல, வாரியம் அனுப்பிய செய்திதான் காரணம், யோசனை என்னுடையது என்று. உன் ஊருக்கு மட்டுமல்ல, செய்தி போன பிறகு ஆள் குறைந்த எல்லா ஊர்களுக்கும் அதே குறிப்பு. டைரக்டர் கூப்பிட்டார். "இதை எழுதித்தான் ஆகணுமாம்மா? வாய்மொழியா சொன்னா போதாதா?" என்றார். "குறைஞ்சதை எழுதினா ஏன் குறைஞ்சதுன்னும் எழுதணும் சார். இல்லேன்னா அது பாதிக் கணக்கு" என்றேன். கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில், குறைந்த ஊர்களுக்கெல்லாம் ஒரு வருடம் என்று முடிவானது. தொலைபேசி எண் விருப்பம் இருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் வேண்டாம். ஆடாமல் துணைக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரிசை. பேக்கரிக்கார அம்மாவிடம் சொல்.

எனக்கும் ஒரு முடிவு வந்தது. அளவீட்டுப் பிரிவிலிருந்து கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். வாரியத்தின் பந்து, வலை, கம்பமெல்லாம் இருக்கிற கிடங்கு. இப்போது பந்துகளை எண்ணுகிறேன். பந்துகள் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வருவதில்லை, வேலை சுலபம். தூசியில் தும்மல்தான் தாங்கவில்லை. இவர் "அப்பாடா, இனி நேரத்துக்கு வீட்டுக்கு வருவே" என்கிறார். மகள் ஒருநாள் கிடங்கைப் பார்க்க வந்து, ஒரு பந்தை எடுத்துச் சுவரில் அடித்துப் பார்த்தாள். நான் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

வருத்தமில்லை என்று சொன்னால் பொய். நல்ல வேலை அது, வாத்து. மனிதர்கள் எங்கே வருகிறார்கள், எங்கே வராமல் போகிறார்கள் என்று தெரிந்துகொள்கிற வேலை. அதை இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம்.

ஒட்டகம்


டிசம்பர் 13

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

உன் கடிதம் வந்தபோது பள்ளியில் அரையாண்டுத் தேர்வு. தாளில் எழுதுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் வைத்துப் படித்தேன். ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, டீச்சர் காப்பியடிக்கிறார் என்று நினைத்திருப்பாள்.

வரிந்துகட்டிக்கொண்டு உன்னைத் திட்டக் காத்திருந்தேன். கிடங்கு என்று படித்ததும் எல்லாம் போய்விட்டது. மக்கு. உன்னை யார் அந்தக் குறிப்பை எழுதச் சொன்னது? எழுதாமல் இருந்திருந்தால் நான் உன்னோடு ஆயுசுக்கும் பேசியிருக்கமாட்டேன், அது வேறு.

இங்கே நடந்ததைக் கேள். போன திங்கட்கிழமை ஆட்டம் தொடங்கப்போகிற நேரம். வாசல் வழியாகத் தையல்காரி வருகிறாள். கையில் பை இல்லை. பழைய விளையாட்டுப் பேன்ட், அவளே தைத்ததாம், இரண்டு பக்கமும் சீருடைத் துணியில் பட்டை வைத்து. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். நேராக என் மேஜைக்கு வந்தாள். "பேரை எழுதிக்குங்க டீச்சர். நம்பரும் தர்றேன்" என்றாள். நம்பர் வேண்டாம், இப்போது கட்டாயமில்லை என்றேன். "இல்ல, எழுதுங்க. இது என் நம்பர்" என்று புதுப் போன் ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

வீட்டில் சம்மதம் வாங்கினாயா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது, பழக்க தோஷம். சிரித்தாள்.

"போறேன்னு சொன்னேன் டீச்சர். போகட்டுமான்னு கேக்கல."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"தட்டைத் தள்ளி வெச்சார். அப்புறம், எப்ப வருவேன்னு கேட்டார். ஆட்டம் முடிஞ்சதும்னு சொன்னேன்."

பிறகு அவள் கோர்ட்டுக்குள் போனாள். நாலு மாதம் கழித்து முதல் அடி. வலையில் போய் மாட்டியது. இரண்டாவதும் மாட்டியது. மூன்றாவது எங்கே விழுந்தது என்று தேட, வேலியைத் தாண்டி ஆள் அனுப்பவேண்டியிருந்தது.

வங்கிக்காரி வரவில்லை. அவள் கணவர் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு அழைத்துப் போய்விட்டார். எங்களால்தானா, வேறு காரணமா என்று தெரியாது. போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை. அவளை நான் தினமும் நினைக்கிறேன். நீயும் நினை. ஒரு வருட அவகாசத்தில் நாற்பதைப் பிடித்துவிடுவோம், அதில் அவள் இருக்கமாட்டாள்.

பேக்கரிக்கார அம்மாவிடம் தனி வரிசையைச் சொன்னேன். கை முழுக்கத் தேறிவிட்டது, இனி ஆடத்தான் போகிறாளாம். குழந்தைகளை யார் பார்ப்பது என்பது இப்போது எங்கள் புதுச் சண்டை.

என் வருத்தம் முழுக்கத் தீரவில்லை. மருந்துக்கடைப் பக்கம் மட்டும் போக ஆரம்பித்திருக்கிறேன். மீதியை நேரில்தான் தீர்க்கவேண்டும், கடிதத்தில் உன்னைக் கிள்ள முடியாது. கிடங்குக்குச் சனிக்கிழமை விடுமுறைதானே? மகளையும் கூட்டிக்கொண்டு வா. இந்தமுறை சாலையைக் கடந்து வா. மாலை ஐந்து மணிக்கு ஆட்டம், வலை ஓரத்தில் உயரமான ஆள் எங்களுக்கு இல்லை. காலணியை மறக்காமல் எடுத்து வா. உன் கால் அளவுக்கு இந்த ஊரில் யாரிடமும் கிடையாது.

உன்
வாத்து